அமெரிக்க உச்ச நீதிமன்றம்: குற்றச் சட்டம் என்றால் சுருக்கி, வேலைச் சட்டம் என்றால் விரித்துப் படிக்கிறதா?

புதுஏடு (கேள்வி)

வணக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொடர்ந்து படிப்பவர்களிடம் ஒரு சந்தேகம். ஃபெடரல் குற்றச் சட்டம் என்று வந்தால் அந்த நீதிமன்றம் சொற்களைச் சுருக்குகிறது. யேட்ஸ் (2015) வழக்கில், மீன் "தொட்டுணரக்கூடிய பொருள்" ஆகாது என்றது. ஃபிஷர் (2024) வழக்கில், நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்த கூட்டத்தின்மீது அரசு போட்ட இடையூறுக் குற்றப் பிரிவைக் குறுக்கியது. ஆனால் வேலைவாய்ப்புச் சட்டத்தில் போஸ்டாக் (2020) போன்ற தீர்ப்புகள் சட்டத்தை விரிப்பதாகத் தெரிகிறது. "குற்றம் என்றால் சுருக்கு, வேலை என்றால் விரி" என்று ஏதாவது விதி இருக்கிறதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மாறுபட்ட தீர்ப்புகளோடு சேர்த்து 80 பக்கம் வரும் ஒரு தீர்ப்பை எந்த வரிசையில் படிப்பது? முழுக்கப் படித்த பிறகும் "என்ன தீர்மானமாயிற்று" என்று ஒரு வரியில் சொல்ல வரவில்லையென்றால், எங்கே பிசகுகிறது?

---

தராசு

அப்படி ஒரு விதி கிடையாது. சில பிரபலமான தீர்ப்புகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. நீதிமன்றத்தின் முன்னால் இருப்பது பெரும்பாலும் ஒரு பிரிவில் உள்ள ஒரு சொல். அந்தச் சொல் எது என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

யேட்ஸ் வழக்கையே எடுங்கள். 2007இல் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு மீன்பிடிப் படகைச் சோதித்த அதிகாரி, 20 அங்குலத்துக்குக் குறைவாக இருந்த 72 சிவப்புக் களவா மீன்களைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். கரைக்கு வந்து மறுபடி அளந்தபோது அளவுகள் ஒத்துவரவில்லை. பிடித்த மீன்களைக் கடலில் வீசிவிட்டு வேறு மீன்களை வைத்திருந்தார்கள் என்பது அரசுத் தரப்பு வழக்கு. அதற்குப் போட்ட பிரிவு 1519. என்ரான் கணக்கு மோசடிக்குப் பிறகு 2002இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தில் உள்ளது. அதிகபட்சம் 20 ஆண்டுச் சிறை. "பதிவேடு, ஆவணம் அல்லது தொட்டுணரக்கூடிய பொருள்" எதையும் அழிப்பது, மறைப்பது, அதில் பொய்ப்பதிவு இடுவது குற்றம் என்கிறது அந்தப் பிரிவு.

அகராதியைத் திறந்தால் மீனைத் தொட்டு உணரலாம், பொருள்தான். நீதிபதி கேகனின் மாறுபட்ட தீர்ப்பு அதைத்தான் சொன்னது. நீதிபதி கின்ஸ்பர்க் உள்ளிட்ட நால்வர் அந்தச் சொல்லை அதன் அக்கம்பக்கத்தோடு படித்தார்கள்: பதிவேட்டுக்கும் ஆவணத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால், தகவலைப் பதியவோ காத்துவைக்கவோ பயன்படும் பொருள் என்றுதான் அர்த்தம் என்றார்கள். ஐந்தாவது வாக்கு நீதிபதி அலிட்டோவுடையது. அவர் பெயர்ச்சொற்கள், வினைச்சொற்கள், பிரிவின் தலைப்பு என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தார். மீனில் எப்படிப் பொய்ப்பதிவு இடுவது என்று அவர் கேட்ட கேள்வி ஒன்று போதும், சட்டம் எந்த உலகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கவனியுங்கள், அங்கே ஐந்து பேர் சேர்ந்து எழுதிய காரணம் இல்லை. நால்வர் ஒரு காரணம், ஒருவர் இன்னொரு காரணம். இப்படிப் பிளந்து வந்தால், முடிவுக்கு உடன்பட்டவர்களில் மிகக் குறுகிய காரணம் எதுவோ அதுவே கட்டுப்படுத்தும் என்பது மார்க்ஸ் (1977) வழக்கின் விதி. அலிட்டோவின் சில பக்கங்களைத் தள்ளிவிட்டு கின்ஸ்பர்க்கை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

ஃபிஷரில் வந்த சொல் "வேறு விதத்தில்". பிரிவு 1512(சி)யின் முதல் கூறு ஆவணங்களை அழிப்பது, மறைப்பது பற்றியது. இரண்டாம் கூறு "வேறு விதத்தில்" அலுவல் நடவடிக்கைக்கு இடையூறு செய்வது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒரு மிருகக்காட்சிச் சாலைப் பலகையை உதாரணம் காட்டினார்: விலங்குகளைத் தொடாதீர், தீனி போடாதீர், கத்தாதீர், எதையும் எறியாதீர், வேறு விதத்தில் தொந்தரவு செய்யாதீர். கொரில்லாக் கூண்டுக்கு முன்னால் நின்று ஒருவர் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார், வாசனைக்கு விலங்கு அமைதி இழக்கிறது. அவர் விதியை மீறினாரா? முன்னால் வந்த சொற்கள்தான் கடைசிச் சொல்லின் எல்லையைப் போடுகின்றன. ஆகவே நடவடிக்கையில் பயன்படும் ஆவணம், பொருள் அல்லது அதுபோன்ற வேறொன்றின் இருப்பையோ நம்பகத்தையோ கெடுத்ததாக, அல்லது கெடுக்க முயன்றதாக, அரசு நிரூபிக்க வேண்டும் என்றார்கள். 6-3. கட்சி வரிசைப்படி எதிர்பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள்: ஜனநாயகக் கட்சி அதிபர் நியமித்த நீதிபதி ஜாக்சன் பெரும்பான்மையில், குடியரசுக் கட்சி அதிபர் நியமித்த நீதிபதி பேரட் மாறுபட்ட பக்கம்.

இனி உங்கள் விதி உடையும் இடம். பல்சிஃபர் (மார்ச் 2024). போதைப்பொருள் வழக்குகளில் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து விலக்குத் தரும் பிரிவை 2018இல் திருத்தினார்கள். குற்றவாளிக்கு ஏ, பி "மற்றும்" சி இருக்கக் கூடாது என்று எழுதினார்கள். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் விலக்கு போகுமா, ஏதாவது ஒன்று இருந்தாலே போய்விடுமா? ஒன்று இருந்தாலே போதும், விலக்கு இல்லை என்று 6-3இல் தீர்ந்தது. ஏ என்பது நான்குக்கு மேற்பட்ட குற்ற வரலாற்றுப் புள்ளிகள், அதாவது முந்தைய தண்டனைகளுக்குப் போடும் புள்ளிகள் (ஒரு புள்ளிக் குற்றங்களைச் சேர்க்காமல்). பி மூன்று புள்ளிக் குற்றம். சி இரண்டு புள்ளி வன்முறைக் குற்றம். பியும் சியும் இருக்கிற ஒருவருக்குக் கூட்டினாலே ஐந்து புள்ளி வந்துவிடும், அப்புறம் ஏ என்ற ஒன்றை எழுதியதற்கே வேலை இல்லை என்பது கேகனின் வாதம். ஐயம் மிஞ்சினால் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் சாய வேண்டும் என்ற லெனிட்டி விதிக்கு அவர்கள் இடம் தரவில்லை, ஏனென்றால் மற்றக் கருவிகள் ஐயத்தைத் தீர்த்துவிட்டன என்றார்கள். நீதிபதி கோர்சச் அதைக் கடுமையாக எதிர்த்தார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் படுகிறது. சிறைக் காலத்தையே தீர்மானிக்கும் ஒரு "மற்றும்", சாதாரண வாசகன் படிக்கும் அர்த்தத்தைத் தர வேண்டும்.

லெனிட்டி எப்போதும் கடைசிக் கதவு. முதல் வாதமாக அதை வைத்து எழுதும் மனு பெரும்பாலும் எடுபடாது.

---

ஏட்டுச்சுவடி

தண்டனை அளவை ஒரு துப்பாகப் பார்க்கலாம் என்பதைத் தராசு சொல்லாமல் விட்டுவிட்டார். குற்றப் பிரிவுகளில் அதுவே பெரிய துப்பு. ஸ்னைடர் (ஜூன் 2024) வழக்கில், இண்டியானா மாநிலத்து மேயர் ஒருவர், குப்பை லாரி ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்திடம் பின்னால் 13,000 டாலர் வாங்கினார். முன்பேச்சு இல்லாமல் வேலை முடிந்தபின் தருகிற அன்பளிப்பும், மாநில, உள்ளூர் அதிகாரிகளின் இலஞ்சத்தைத் தண்டிக்கும் ஃபெடரல் பிரிவு 666இல் குற்றமா? இல்லை என்று 6-3. காரணங்களில் ஒன்று எளிய கணக்கு: ஃபெடரல் அதிகாரி அப்படி அன்பளிப்பு வாங்கினால் அதிகபட்சம் 2 ஆண்டு. அதே காரியத்துக்கு மாநில, உள்ளூர் அதிகாரிக்கு மட்டும் 10 ஆண்டு என்று காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) நினைத்திருக்குமா?

டூபின் (2023) வழக்கும் இதே வகை. மருத்துவ உதவித் திட்டத்துக்கு மிகைப்படுத்தி பில் அனுப்பியது மோசடி, அதில் சண்டை இல்லை. ஆனால் பில்லில் நோயாளியின் பெயர் இருந்ததால், கட்டாயமாக 2 ஆண்டு கூடுதல் சிறை தரும் அடையாளத் திருட்டுப் பிரிவையும் சேர்த்தார்கள். எல்லா பில்லிலும்தான் பெயர் இருக்கும்! பெயரைப் "பயன்படுத்தியது" குற்றத்தின் மையத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் போதாது என்றது நீதிமன்றம்.

வேலைவாய்ப்புப் பக்கம் வருவோம். "தொழிலாளர் நலச் சட்டத்தைத் தாராளமாகப் படி" என்ற பழைய சொல் உண்டு, ஆனால் இப்போதைய நீதிமன்றம் அதை நம்பி நடப்பதில்லை. என்சினோ மோட்டார்கார்ஸ் (2018) வழக்கில், கூடுதல் நேர ஊதியச் சட்டத்தின் விலக்குகளைக் குறுக்கிப் படிக்க வேண்டும் என்ற கொள்கையையே தள்ளிவிட்டு, "நியாயமான வாசிப்பு" போதும் என்றார்கள். தோற்றது ஊழியர் தரப்பு. அதே சட்டத்தில் ஹீலிக்ஸ் (2023) வழக்கில் வென்றது ஊழியர். கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் மேற்பார்வை செய்தவர், நாளுக்கு 963 முதல் 1,341 டாலர் வரை நாட்கூலியாகவே பெற்றார். ஆண்டுக்கு 2,00,000 டாலருக்கு மேல். இவ்வளவு சம்பாதிப்பவருக்குக் கூடுதல் நேரமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் விலக்கு பெற "சம்பள அடிப்படை" வேண்டும். அதாவது அந்த வாரம் ஒருநாள் வேலை செய்தாலும் ஐந்து நாள் செய்தாலும் குறையாத வாரத் தொகை. நாட்கூலி அப்படி அல்ல. அதனால் வாரம் 40 மணிக்கு மேல் செய்த வேலைக்குக் கூடுதல் ஊதியம் உண்டு என்றார்கள். நிறுவனங்கள் சறுக்கும் இடம் இது: தொகையைப் பார்க்கிறார்கள், கணக்கிடும் முறையைப் பார்ப்பதில்லை.

போஸ்டாக்கை "விரித்தார்கள்" என்று சொல்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. வேலையில் பாகுபாட்டைத் தடை செய்யும் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் டைட்டில் ஏழில் உள்ள "பாலினத்தின் காரணமாக" என்ற சொற்களை கோர்சச் எடுத்துக்கொண்டார். அது இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்ற சோதனைதான் அங்கே வேலை செய்தது. ஆண் ஊழியர் ஆணை விரும்பினார் என்று நீக்கினால், அதே விருப்பம் உள்ள பெண் ஊழியரை நீக்கியிருப்பார்களா? மாட்டார்கள். அப்படியென்றால் பாலினம் காரணம். ஏமஸ் (ஜூன் 2025) தீர்ப்பும் இதே நூல்தான்: சட்டம் "எந்த ஒரு நபருக்கும்" என்கிறது, ஆகவே பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்த மனுதாரர் மட்டும் கூடுதலாகப் "பின்னணிச் சூழல்" காட்ட வேண்டும் என்று சில சர்க்யூட்கள் (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள்) வைத்திருந்த நிபந்தனை செல்லாது. ஒருமனதான தீர்ப்பு, எழுதியவர் ஜாக்சன்.

வேலை வழக்குகளில் நான் முதலில் அடிக்கோடு போடுவது காரணத்தைச் சொல்லும் சொல்லுக்கு. பாகுபாட்டு வழக்கில் 1991 திருத்தப்படி, இனமோ பாலினமோ "உந்திய காரணங்களில் ஒன்று" என்றாலே பொறுப்பு உண்டு. அதே டைட்டில் ஏழில், புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினார்கள் என்ற வழக்கில், புகார் இல்லாவிட்டால் இது நடந்தே இராது என்று காட்ட வேண்டும் (நாசர், 2013). வயதுப் பாகுபாட்டுக்கும் அதே கடுமை (கிராஸ், 2009). சார்பேன்ஸ்-ஆக்ஸ்லியில் முறைகேட்டை வெளியிட்ட ஊழியருக்கோ "பங்களித்த காரணி" என்றால் போதும். முதலாளிக்குப் பழிவாங்கும் எண்ணம் இருந்தது என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை (முர்ரே, பிப்ரவரி 2024). ஒரே சம்பவம், ஒரே ஊழியர், ஆனால் எந்தச் சட்டத்தின்கீழ் போகிறார் என்பதைப் பொறுத்து ஏற வேண்டிய படி மாறுகிறது.

---

கடல்காகம்

இரண்டு பக்கமும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, யாரும் சொல்லவில்லை: வான் பியூரன் (ஜூன் 2021). ஜார்ஜியாவில் ஒரு காவல் அதிகாரி பணம் வாங்கிக்கொண்டு, தனக்கு அனுமதி உள்ள தரவுத்தளத்தில் ஒரு வாகன எண்ணைத் தேடினார். 1986ஆம் ஆண்டு கணினி மோசடிச் சட்டப்படி இது "அனுமதியை மீறிய அணுகலா"? இல்லை, 6-3. அந்தக் கோப்பைத் திறக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா இல்லையா, கதவு திறந்ததா மூடியதா என்றுதான் பார்க்க வேண்டும். திறந்த கதவுக்குள் கெட்ட நோக்கத்தோடு போனதைப் பார்ப்பதல்ல இந்தச் சட்டம். நோக்கத்தையும் பார்க்கும்படி படித்தால், அலுவலகக் கணினியில் சொந்த மின்னஞ்சல் அனுப்பும் ஊழியரும் குற்றவாளி ஆவார்.

அதே சட்டத்தில் சிவில் வழக்கும் போடலாம். வேலையை விட்டுப் போகிறவர் கோப்புகளை எடுத்தார் என்று நிறுவனங்கள் போட்டுவந்த வழக்குகளில் பல இதனால் பலம் இழந்தன. வர்த்தக இரகசியச் சட்டத்துக்கு மாற வேண்டியிருக்கிறது. ஆனால் எட்டாவது அடிக்குறிப்பை விட்டுவிடாதீர்கள். கதவு என்பது தொழில்நுட்பத் தடை மட்டுமா, ஒப்பந்தத்திலும் கொள்கை ஏட்டிலும் எழுதிய தடையும் சேருமா என்பதை அங்கே தீர்மானிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

---

புதுஏடு

மூவருக்கும் நன்றி. படிக்கும் வரிசை பற்றி இன்னும் சொல்லவில்லையே. அதோடு, முல்ட்ரோ (2024) வந்த பிறகு பழிவாங்கல் வழக்கிலும் "சிறிதளவு பாதிப்பு" காட்டினால் போதும் என்று ஒரு குறிப்பில் பார்த்தேன், சரியா? இப்படிப் பிரிவைக் குறுக்கினால், பழைய அர்த்தத்தில் ஏற்கெனவே சிறையில் இருப்பவர் கதி என்ன?

---

ஏட்டுச்சுவடி

முல்ட்ரோ பற்றிய குறிப்பு தவறு. செயின்ட் லூயிஸ் காவல் துறையில் ஒரு பெண் சார்ஜென்டைப் புலனாய்வுப் பிரிவிலிருந்து மாற்றினார்கள். பதவியும் சம்பளமும் அப்படியே. ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போகும் கார் போயிற்று, நிலையான வேலை நேரம் போயிற்று. பணி நிபந்தனையில் சிறிதளவு பாதிப்பு இருந்தாலே பாகுபாட்டு வழக்கு நிற்கும், "குறிப்பிடத்தக்க" பாதிப்பு தேவையில்லை என்றார்கள். காரணம், பாகுபாட்டுப் பிரிவில் அந்தச் சொல்லே இல்லை. பழிவாங்கல் வேறு பிரிவு. அங்கே, ஒரு நியாயமான ஊழியரைப் புகார் கொடுக்கவிடாமல் தடுக்கக்கூடிய அளவு பாதிப்பு வேண்டும் என்ற பர்லிங்டன் நார்தர்ன் (2006) அளவுகோல் அப்படியே நிற்கிறது. முல்ட்ரோ தீர்ப்பே இந்த வேறுபாட்டைச் சொல்கிறது.

வரிசை கேட்டீர்கள். முகப்பில் இருக்கும் சுருக்கத்தில் தொடங்கலாம், ஆனால் மேற்கோள் காட்டக் கூடாது. அது தீர்ப்பின் பகுதி அல்ல என்று அதன் தொடக்கத்திலேயே எழுதியிருக்கும். அடுத்து, தீர்ப்புக்குள் போகாமல் சட்டப் பிரிவை மட்டும் தனித்தாளில் கூறு கூறாக உடைத்து எழுதுங்கள். கையால் எழுதினால் இன்னும் நல்லது, "அல்லது", "மற்றும்", காற்புள்ளி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பிறகு நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்வியைப் படித்து, தாளில் அந்தச் சொல்லை வட்டமிடுங்கள். அப்புறம் பெரும்பான்மைத் தீர்ப்பின் கடைசிப் பக்கம். அங்கே "உறுதி செய்கிறோம்" என்கிறார்களா, "ரத்து செய்து திருப்பி அனுப்புகிறோம்" என்கிறார்களா? திருப்பி அனுப்பினால் வழக்கு முடியவில்லை. அதற்கும் பிறகுதான் நடுவில் உள்ள வாதம். "இதை இப்போது தீர்மானிக்கத் தேவையில்லை" என்று வரும் ஒவ்வொரு வரியையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வழக்கு அங்கேதான் முளைக்கும். மாறுபட்ட தீர்ப்பைக் கடைசியில் படியுங்கள். "பெரும்பான்மை இதோடு எல்லாவற்றையும் ஒழித்துவிட்டது" என்று அதில் வரும் கூற்றைத் தீர்ப்பின் எல்லையாக எடுத்துக்கொண்டால் பிசகிவிடும். எதிராளி அதைப் பெரிதாக்கித்தான் சொல்வார்.

உங்களுக்கு ஒரு வரியில் சொல்ல வராததற்குக் காரணம், பிரிவைத் தனியாக எழுதாமல் நேராக வாதத்துக்குள் போவதாக இருக்கலாம்.

---

தராசு

சிறையில் இருப்பவர் பற்றி. இதில் கொடுமையான ஒரு பள்ளம் இருக்கிறது. குற்றப் பிரிவின் அர்த்தத்தைக் குறுக்கும் தீர்ப்பு பின்னோக்கியும் செல்லும் என்பது பௌஸ்லி (1998) வழக்கிலேயே தீர்ந்தது. முதல் மனுவை இன்னும் போடாதவர், தண்டனையை ரத்து செய்யக் கேட்க ஃபெடரல் கைதிக்கு வழி தரும் பிரிவு 2255இல் போகலாம். உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை முதலில் ஏற்ற நாளிலிருந்து ஓராண்டு கெடு. கீழ் நீதிமன்றம் "இது பின்னோக்கிச் செல்லும்" என்று பிறகு சொன்ன நாளிலிருந்து எண்ணக் கூடாது.

ஏற்கெனவே ஒரு மனு போட்டுத் தோற்றவருக்குத்தான் கதவு சாத்துகிறது. இரண்டாவது மனுவுக்குப் புதிய சான்று வேண்டும், அல்லது அரசியலமைப்பு சார்ந்த புதிய விதி வேண்டும். ரெஹைஃப் (2019) வழக்கில், துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவர் தாம் அந்தத் தடைக்குரிய வகையினர் என்பதை அறிந்திருந்தார் என்றும் அரசு நிரூபிக்க வேண்டும் என்றார்கள். அது சட்டச் சொல்லின் விளக்கம், அரசியலமைப்பு விதி அல்ல. ஆகவே ஜோன்ஸ் எதிர் ஹெண்ட்ரிக்ஸ் (2023) வழக்கில், முன்பே மனு போட்ட கைதிக்கு ரெஹைஃபை வைத்து மறுபடி வர வழியில்லை என்று 6-3இல் மூடிவிட்டார்கள். ஜான்சன் (2015) வழக்கில் வன்முறைக் குற்ற வரையறையின் ஒரு பகுதியை மங்கலானது என்று அரசியலமைப்பின் பேரில் ரத்து செய்தார்கள். அதை வைத்து இரண்டாம் மனு போடவும் வழி இருந்தது. ஒருவர் செய்தது குற்றமே அல்ல என்று நீதிமன்றமே சொன்ன பிறகும், சொன்ன விதத்தைப் பொறுத்து அவர் உள்ளேயே இருக்க நேரும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் இன்றைய சட்டம் அதுதான், மனு எழுதுகிறவர் அதைத் தெரிந்துகொண்டே எழுத வேண்டும்.

---

கடல்காகம்

இரண்டு சிறு சேர்க்கைகள்.

சட்டச் சொல்லுக்குத் தரும் விளக்கத்தைக் காங்கிரஸ் மாற்றலாம். லெட்பெட்டர் (2007) வழக்கில் ஊதியப் பாகுபாட்டுக் கெடுவை இறுக்கினார்கள். 2009 ஜனவரியில் புதுச் சட்டம் வந்து, ஒவ்வொரு சம்பளக் காசோலைக்கும் கெடு புதிதாகத் தொடங்கும் என்றாயிற்று. அதனால் 2009க்கு முந்தைய தீர்ப்பு எதையும் எடுத்தால், பிரிவின் இன்றைய வாசகத்தோடு ஒப்பிடாமல் பயன்படுத்தாதீர்கள். துறை விதிகளுக்கும் அதே எச்சரிக்கை: 2024 ஜூன் 28இல் லோப்பர் பிரைட் தீர்ப்பு 1984ஆம் ஆண்டின் செவ்ரான் கொள்கையை நீக்கியபின், துறை சொல்லும் அர்த்தத்துக்கு நீதிமன்றம் கட்டுப்பட வேண்டியதில்லை.

முர்ரேயைப் பற்றி மேலே சொன்னது இன்னும் முடியவில்லை. உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதாக வென்றவர் அவர். வழக்கு இரண்டாவது சர்க்யூட்டுக்குத் திரும்பியது. 2025 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம், ஜூரிக்குத் தந்த அறிவுரையில் "பங்களித்த காரணி" என்பதை "எந்த விதத்திலாவது பாதிக்கக்கூடியது" என்று தளர்த்திச் சொன்னது பிழை என்று, அவருக்குச் சாதகமாக வந்த ஜூரி முடிவை மறுபடி ரத்து செய்தது. திருப்பி அனுப்பிய வழக்கை உச்ச நீதிமன்றத்தோடு நிறுத்தாமல், சர்க்யூட் வரை பின்தொடர்ந்து பாருங்கள்.